வண்டி ஆகாசம் பார்க்கிறது

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டையும் உங்கள் தங்கையையும் ஒருசேர மேய்த்துக்கொண்டிருப்பவள் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரமும் நலம். சின்னது மட்டும் துணி பிழியும்போது இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து போகிறது. வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. கடலுக்கு நடுவே இரும்பு மேடையில் நின்று எண்ணெய் எடுக்கிற மனிதருக்கு இதை எழுதிக் கவலை கொடுப்பானேன் என்று பார்த்தேன். கவலையே கொடுக்காவிட்டால் எழுதுவது வேறு யாரோ என்று நீங்கள் சந்தேகப்பட்டுவிடுவீர்களே.

போனில் சொல்லியிருக்கலாம்தான். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் இருமுவது எனக்கே கேட்கிறது. அதோடு நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் நடுவில் பாய்ந்து ஒன்பது சொல்வீர்கள். கடிதத்தில் என்னை முடிக்க விட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. துணி ஏற்றாமல் வாசலில் சும்மா நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "அண்ணி, வண்டி ஆகாசம் பாக்குது, மழை வருமான்னு கேளுங்க" என்கிறாள். ஹெட்லைட் எதிரே வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக அடிக்கிறது. அவர்கள் கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுத முடியாது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'டம்' என்று இடிக்கிறது. அந்த இடி நேராக என் பல்லுக்கு வருகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது, காற்றைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி.

காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் ஒரு குறை சொன்னால் துறைமுகத்திலிருந்து ஒரு இரும்பு வந்து இறங்குகிறது. மாடு குறுக்கே வந்தது என்றேன், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பம்பர் வந்தது. சேற்றில் சக்கரம் மாட்டியது என்றேன், அந்தப் பம்பர் மேல் உட்கார, இரும்புக் கயிறு சுற்றி வண்டியை இழுக்கிற வின்ச் ஒன்று வந்தது. துணி நனைந்தது என்றேன், பின்னால் இரும்புக் கூண்டு. பஞ்சர் என்றேன், பின்கதவில் இரண்டு உபரிச் சக்கரம். ஸ்பானரைக் காணோம் என்று ஒரே ஒரு நாள் புலம்பினேன், ஆள் படுக்கிற நீளத்தில் இரண்டு இரும்புப் பெட்டி. தலைவலி என்று மட்டும் உங்களிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில் இருந்து செய்ய முடியாததை இரும்பாக அனுப்புகிறீர்கள். ஆனால் மலைமேல் விடுதிக்கு நாங்கள் காய்ந்த துணியைக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கொண்டுவருகிறோம். ஏறும்போது பாரமில்லை. நீச்சல்குளத்துத் துண்டெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு, இறங்கும்போதுதான் பாரம்.

அதனால் அந்தப் பெட்டிகளையும் ஒரு சக்கரத்தையும் கழற்றி வைக்கலாமா? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சமையல்காரர் நன்றாகப் போடுகிறார் என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், எனக்கும் ரோஷம் உண்டு.

இப்படிக்கு,
ஆகாசம் பார்க்கும் வண்டியின் ஓட்டுநர்


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

முதலில் ஒன்று. உங்கள் தங்கையும் இப்போது உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதே மேசையில், எனக்கு எதிரே, பரீட்சையில் மறைக்கிற மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறாள். இரண்டும் ஒரே படகில்தான் வந்து சேரும். அவளுடையதை முதலில் பிரிக்காதீர்கள். அவள் எழுத்தில் நாங்கள் இரண்டு முறையாவது செத்திருப்போம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இதை ஒரு தடவை திரும்பப் படித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் பதில் பத்து நாள் கழித்து வந்தது. "எதையும் கழற்றாதே, எல்லாம் உன் பத்திரத்துக்குத்தான், பட்டை சேர்த்துப் போடச் சொல்" என்று எழுதியிருந்தீர்கள். போட்டேன். லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிறவரிடம்தான் போனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது துணி வண்டியா, இல்ல சண்டைக்குப் போற வண்டியா?" என்று கேட்டார். வளைந்திருக்க வேண்டிய பட்டையெல்லாம் நிமிர்ந்து, அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்ததாம். "இறக்க வேண்டியத இறக்குங்க, பாதி நோவு போயிடும்" என்றார். வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்றேன். "அவரா ஓட்டுறாரு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களை விட்டுக்கொடுக்காமல், "அவர் அங்கருந்தே ஓட்டுவாரு அண்ணே" என்றேன். சிரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தார். வண்டி எழுந்து மட்டமாக நின்றது. அவ்வளவு அழகு. அப்போது அவர் ஒன்று சொன்னார். பின் அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் விரல் கனத்தில் ஒரு கம்பி இருக்கிறது, அதையும் புது உயரத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றவேண்டும், அதைப் பிடித்து நிறுத்துகிற தாங்கி கடையில் இல்லை, நாளை மறுநாள் வாருங்கள், அதுவரை பாரம் ஏற்றாதீர்கள் என்றார். அந்தக் கம்பி எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டி மட்டமாக நிற்கிறதே, கம்பிதானே என்று நினைத்தேன். விடுதியில் ஆள் நிறைந்த நேரம், படுக்கை விரிப்பு கேட்டு மேலாளர் காலையிலிருந்து போன் மேல் போன். மறுநாளே மலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஏறும்போது சொகுசு. உங்கள் தங்கை பாட்டே பாடினாள். அதை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே ஈரத்துணி மூட்டைகளை ஏற்றினோம். அத்தனை பாரத்துக்கும் பின்பக்கம் கொஞ்சம்கூடத் தாழவில்லை. "பாத்தியா உங்க அண்ணன் சொன்ன பட்டைய" என்று நானே பெருமையடித்துக்கொண்டேன்.

இறங்கும்போது முதல் வளைவில் பிரேக்கை மிதித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. முன்பு இப்படிக் குத்தாது. இரண்டாவது வளைவில் இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நாற்றம், இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேல் மறந்து வைத்த மாதிரி. "அண்ணி, துணி கருகுதா?" என்றாள். ஈரத்துணி எப்படிக் கருகும்? கருகுவது பிரேக் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "நீ பாடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாடவில்லை.

பெரிய பாறைக்குக் கீழே நீளமான இறக்கம் இருக்கிறதே, அங்கே பெடல் மெத்தையில் கால் வைத்த மாதிரி இறங்கியது. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்தேன். இன்ஜின் அலறியதே தவிர வேகம் அடங்கவில்லை. இறக்கத்தின் அடியில், வளைவில், ரோடு போடுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. ஒருவர்கூட அசையவில்லை, யாரோ அவசரக்காரி என்று நினைத்திருப்பார்கள். உங்கள் தங்கை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "பிரேக் இல்ல, ஓடுங்க! எந்திரிச்சு ஓடுங்க!" என்று கத்தினாள். அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. அப்புறம்தான் சிதறினார்கள்.

ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுற்றிவிடும் என்று ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்று கத்தினீர்களே, அது காதில் கேட்டது. பின்சக்கரம் பிடித்தது. போதவில்லை. பள்ளத்துப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. மலைப்பக்கம் மண்சுவர் இருந்தது, அதில் மூக்கைச் சாய்த்தேன். உங்கள் பம்பர் மண்ணை உழுதுகொண்டே போய், கல்லோடு கல்லாகச் சிக்கி நின்றது. அவர்கள் தார்ப்பீப்பாய்க்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க இடம் இருந்தது.

உடனே மீசையை முறுக்காதீர்கள். பம்பர்தான் காப்பாற்றியது என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். நானும் பட்டைக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் வந்து அடியில் படுத்து, அந்தக் கம்பியைக் காட்டினார். பின்பக்கம் தாழ்ந்தால் வண்டியில் பாரம் இருக்கிறது என்று அந்தக் கம்பி பின்பிரேக்குக்கு வலு கொடுக்குமாம். தாழாவிட்டால் வண்டி காலி என்று நினைத்துக் குறைத்துவிடுமாம். நாம் பட்டை போட்டு நிமிர்த்தியதும், அத்தனை ஈரத்துணியோடும் அது காலி வண்டி என்றே நினைத்திருக்கிறது. பின்சக்கரம் சும்மா வந்தது. பம்பர், வின்ச், துணி, நாங்கள் இருவர், எல்லாவற்றையும் முன்பிரேக் மட்டும் பிடித்து, வெந்து போனது. அவர் என்னைத் திட்டவில்லை. "சொன்னேனேம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பியைச் சரிசெய்து, முன்பிரேக் கட்டைகளை மாற்றி, எடைமேடைக்குக் கூட்டிப்போனார். வண்டி தூக்கக்கூடிய பாரத்தில் பாதிக்கு மேல் நீங்கள் அனுப்பிய இரும்பே தின்றுவிடுகிறது. மீதியில்தான் துணியும் நாங்களும். இதை எடைமேடைக்காரர் சொன்னபோது உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பெட்டி, கூண்டு, உபரிச் சக்கரம் ஒன்று, வின்ச், அந்தப் பம்பர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பழைய பம்பரை மாட்டியாகிவிட்டது. துணிக்குத் தார்ப்பாய் போதும். சேர்த்த பட்டையில் பக்கத்துக்கு ஒன்றை எடுத்துவிட்டு, பாரம் ஏற்றிப் பார்த்து, அதற்கேற்பக் கம்பியை மறுபடி வைத்துக் கொடுத்தார். நீங்கள் பார்த்துப் பார்த்து அனுப்பியதைக் கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் உங்கள் முகம் வந்தது. கோபமாக வந்தது. கழற்றினேன்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறது. உங்கள் தங்கைதான் ஓட்டுகிறாள். அவளும் பழகட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கியர் போடுவதைக் கேலி செய்கிறேன். அந்த இறக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் கண்ணை மூடி ஓய்வு எடுத்துக்கொள்கிறேன். வயசாகிறது அல்லவா. அவள் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

போன கடிதத்தில், இன்னும் ஒரு வருடம் நீட்டித்தால் பெரிய வண்டியே வாங்கிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வண்டியே போதும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் உங்கள் கை எதையாவது அனுப்பத் துடிக்கும். புது பிரேக், காற்றுப் பை, ஹெல்மெட் என்று. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஆணிகூட வேண்டாம்.

அடுத்த படகில் நீங்கள் வாருங்கள். ஒரே ஒரு தடவை நான் ஓட்டுகிறேன், அந்த இறக்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். நடுவில் பாய்ந்து ஒன்பது சொன்னாலும் சரி. அங்கே சாப்பிட்டு எவ்வளவு எடை கூடியிருந்தாலும் பரவாயில்லை, வண்டி தாங்குமா என்று பட்டைக்காரரிடம் கேட்டுவிட்டேன். தாராளமாகத் தாங்கும் என்றார்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி