என் கையெழுத்தில் நீ எழுதிய வரி

மலாக்கா புக்கிட் பெருவாங்கில் என் பேத்தி வீட்டு மேசைமேல் ஒரு பிரிண்டர் இருக்கிறதடா. நேற்றுக் காலை அவள் கணினியில் நாலு வரி ஆணை தட்டினாள். "வேற சாஃப்ட்வேர் ஒண்ணும் வேணாம் தாத்தா. கம்ப்யூட்டருக்குள்ள பிரிண்டர் டிரைவர்னு ஒண்ணு இருக்கு, அதுகிட்ட நேரா சொன்னா போதும், அது மெஷின்கிட்ட சொல்லிடும்" என்றாள். யாரும் தொடாமலே தாள் வந்து விழுந்தது. "யாரு அனுப்புனதுன்னு பேரும் வந்திடும், பாருங்க" என்றாள். நான் பார்க்காமலே தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவளிடம் காரணம் சொல்ல வாய் வரவில்லை. செத்துப்போன உன்னிடம்தான் சொல்ல வருகிறது.

டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் இருவரும் சின்னக் கிராணிகள், ஆபீஸ் கணக்கெழுதுகிறவர்கள். ஆபீஸ் மூலையில் கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் மெஷின். மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் நான் எழுதுவேன்; நீ அதை உருளையில் மாட்டி, மை தடவிச் சுற்றுவாய். வேகமாய்ச் சுற்றினால் எழுத்து இழுபடும், மெதுவாய்ச் சுற்றினால் மை அப்பும். அந்தக் கணக்கு உன் தோளுக்குத்தான் தெரியும்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில். இது தெரிந்தும் புத்திகெட்ட நான் என்ன செய்தேன்? மாரியம்மன் தீமிதிக்கு வருஷா வருஷம் போடும் நோட்டீஸைப் பார்த்து அப்படியே எழுதினேன்: 'கஞ்சி வார்க்க வீட்டுக்கு ஒரு படி அரிசி கோயிலுக்குக் கொண்டுவரவும்.' கோயிலோ இப்போது வேலிக்கு வெளியே. நீயும் கவனிக்கவில்லை. நாற்பது தாள் சுற்றி, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாய் ஒட்டிவிட்டு வந்தாய்.

மறுநாள் நண்பகலில் வந்தார்கள். துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், ஒரு தமிழ் சார்ஜண்ட். நோட்டீஸை மேசைமேல் அறைந்தார்.

"யாருக்குடா அரிசி சேக்குறீங்க? காட்டுக்காரனுக்கா?"

"ஐயா, திருவிழாவுக்குங்க" என்றாய் நீ.

"எழுதுனது யாரு?"

வீட்டில் என் பிள்ளை பிறந்து பதினோரு நாள். காற்சட்டை நனைந்துவிடுமோ என்று பயந்தேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்!

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "நாந்தாங்க எழுதுனேன். மெஷின் சுத்துனதும் நாந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எழுதிக் காட்டு."

எழுதினாய். என் கொம்பு, என் சாய்வு, வால் நீண்ட என் ழகரம். தினமும் என் எழுத்தையே சுற்றிச் சுற்றி எடுத்தவனுக்கு அது மனப்பாடமாகியிருந்தது. சார்ஜண்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். லாரியில் ஏறும்போது, "பயப்படாத லா, ரெண்டு நாள்ல விட்டுருவாங்க" என்றாய்.

இரண்டு வருஷம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு, மலாக்காவில் பிறந்த உன்னை, நீ கண்ணால் பார்த்திராத தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கிருந்து வந்த ஒரே கடிதத்தில், பிள்ளை நடக்கிறானா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காருவேன். என் எழுத்தைக் கண்டதும் தாளைக் கசக்கிவிடுவேன். கடைசியில் உன் சாவுச் செய்திதான் வந்தது.

அந்தப் பிள்ளை இன்று தாத்தாவாகிவிட்டான். தன்னை அப்பன் இல்லாத பிள்ளையாக விடாதவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. 'நான்தான் எழுதினேன்.' இரண்டே சொல். கேட்ட சார்ஜண்டும் இல்லை, காப்பாற்றிய நீயும் இல்லை. இன்றுகூட அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறதடா.