வீடியோவில் வராத கால்

9-4-1998, பெரிய வியாழன்

மனசு ஆறவே இல்லை. இன்று பூசையில் சீடர்களாக உட்காரவைத்து ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. லிங்கராஜபுரத்துக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. மத்தியானமே நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, வெள்ளை வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பூசை தொடங்குமுன் எங்கள் கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் ஸ்டீபன் வந்து குனிந்தார். பின்னால் இருந்த எனக்கும் கேட்டது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்த வாட்டி வீடியோ எடுக்கறாங்க, காலக் கிட்டத்துல காட்டுவாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இவருக்கு வலது காலில் மூன்று விரல் கிடையாது. தங்கவயல் சுரங்கத்தில் பாறை விழுந்து போனது. எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். அந்த நாற்காலியில் ஸ்டீபனின் மச்சான் ஷூவும் சாக்ஸுமாக வந்து உட்கார்ந்தார்.

"விடு மேரி, பச்சத் தண்ணி பட்டா அந்தக் கால் குடையுது" என்கிறார் வீட்டுக்கு வந்து. என்னிடமே பொய்.

நாளை பெரிய வெள்ளி. சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை உதடு வைத்து முத்தி செய்ய ஸ்டீபன்தான் முதல் ஆளாக நிற்பார். அந்தப் பாதத்தில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறதே, அதையும் கிட்டத்தில் காட்டாதே என்று வீடியோக்காரனிடம் சொல்வாரா?