அழக்கூடாது என்று சொன்ன மத்தியானம்

இன்று காலை உன் தங்கையை நம் சி.டி. ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்தேன். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பட்டனைத் தட்டினேன். உன் குரல் வந்தது. "மூச்ச நல்லா இழுங்க. அப்டியே புடிங்க." மெஷினில் நீ பதிந்து வைத்தது இன்னும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மூச்சைச் சரியாகத்தான் பிடித்தாள். கண்ணீர் மட்டும் காதுப் பக்கம் இறங்கியது. கை மேலே இருந்ததால் துடைக்க முடியவில்லை. "அவ்ளோதான், வுடுங்க" என்று நீ சொன்ன பிறகுதான் விம்மினாள். படம் கொஞ்சமும் ஆடவில்லை.

முதலில் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த குரல் "சுவாசத்தை உள்ளிழுத்து நிறுத்தவும்" என்றது. குருசுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் படுத்தபடியே கூரையைப் பார்த்து, மேல யாருப்பா பேசறது என்று கேட்டார். படம் ஆடிப்போனது. நான் கத்தினேன். நீ என்னை வெளியே தள்ளிவிட்டு மைக்கை எடுத்தாய். "பாய், நீ பேசுனா நல்லா இருக்கறவனுக்கே பி.பி. ஏறும்." எனக்கு எரிச்சல்தான். ஆனால் அதற்கப்புறம் மறுபடி படம் எடுக்க வேண்டிய வேலை குறைந்துவிட்டது.

நீ ஸ்டூல் இல்லாமல் டியூப்லைட் மாட்டுவாய். தெருவிளக்கு என்று கூப்பிட்டோம். கீபோர்டில் உன் விரல்கள் எட்டுக்கால் பூச்சி மாதிரி ஓடும் என்று நர்சுகள் சிரிப்பார்கள். டாக்டரும் சேர்ந்து சிரிப்பார். அந்த உயரத்துக்கும் விரலுக்கும் மார்ஃபன் என்று ஒரு பெயர் உண்டு. அது இருப்பவர்களுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் பலவீனமாக இருக்கும். நாங்கள் எல்லோரும் புத்தகத்தில் படித்ததுதான். நாளெல்லாம் திரையில் ரத்தக்குழாய்களை அளந்துகொண்டிருந்தோம். மேசையில் படுத்தால்தான் எங்களுக்கு நோயாளி. பக்கத்தில் நின்று டீ குடிக்கிறவனை யார் பார்ப்பது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டாய். முதுகுக்குள் யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். டாக்டர் உடனே படம் எடுக்கச் சொன்னார். உன் குரலே உன்னை மூச்சைப் பிடிக்கச் சொன்னது. திரையில், பெருந்தமனிக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. உள்சுவர் கிழிந்து, ரத்தம் இரண்டு சுவர்களுக்கும் இடையில் புகுந்திருந்தது. கிழிசல் இதயத்தை ஒட்டியே ஆரம்பித்திருந்தது.

"என்னா பாய், திட்டவே மாட்ற" என்று உள்ளிருந்து கேட்டாய். நான் டாக்டரைக் கூப்பிட்டேன். நீயும் இதே வேலை பார்த்தவன். "அப்ப கிழிஞ்சிருக்கு" என்றாய்.

ஆபரேஷன் ஒன்றுதான் வழி. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை ரத்த அழுத்தம் ஏறவே கூடாது, ஏறினால் வெளிச்சுவரும் போய்விடும் என்றார் டாக்டர். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வலி கூடாது, பதற்றம் கூடாது.

தவளக்குப்பத்திலிருந்து உன் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கும்போதே முகம் கலைந்திருந்தது. வாசலிலேயே மறித்தேன். "அம்மா, அவன் முன்னாடி அழக்கூடாது. நீங்க அழுதா அவனுக்கு அழுத்தம் ஏறும். ஏறுனா போயிடுவான்." அதைவிட இதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன், வைத்தியம் அதுதான். அவர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உன் காலைப் பிடித்துக்கொண்டு, "சாப்ட்டியாப்பா?" என்றார். "சாப்ட்டேம்மா" என்றாய். நீ ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆம்புலன்சில் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டில் போர்வெல் போட்டது, தங்கைக்குக் காலேஜ் பஸ் மாறியது, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறியது. நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். மானிட்டரில் அழுத்தம் டாக்டர் சொன்ன இடத்திலேயே நின்றது. பிழைத்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது எண்கள் சரிந்தன. ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் இறங்கிவிட்டது. யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை. சுவர்தான் தாங்கவில்லை.

அங்கிருந்த டாக்டர் வந்து சொன்னபோது உன் அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் அழவே இல்லையே என்று கேட்கிற மாதிரி இருந்தது. அவர் அழவில்லை. வீட்டிலிருந்து உன்னைத் தூக்கும்போதும் அழவில்லை. பெத்தவளா இவ என்று ஊரில் பேசினார்கள்.

உன் தங்கைக்கும் அதே விரல்கள். இதயத்துக்கு எடுத்த எக்கோ டெஸ்டில் சந்தேகப்பட்டுத்தான் இன்று சி.டி.க்கு அனுப்பினார்கள். பெருந்தமனி அடியில் விரிந்திருக்கிறது, கிழியவில்லை. நாள் குறித்து, அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்து உன் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர், ஆபரேஷனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இவ முன்னாடியும் அழக்கூடாதா தம்பி?"

"அழலாம்மா. இவளுக்குக் கிழியல."

சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். தங்கை உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அடுத்த பேஷன்ட் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் அன்று அவரோடுதான் இருப்பேன். இந்த முறையும் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வருவார். உன் அம்மா என்னைத்தான் பார்ப்பார். போன தடவை பார்த்த பார்வைக்கே இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லைடா.