உள்ளங்கையில் ஒரு கரண்டிக் குழம்பு

ஜூன் 8, ஞாயிறு

ஊர்க்குளம் வற்றிவிட்டதால் இன்று தெருவில் எல்லார் வீட்டிலும் விரால் குழம்பு. ஆனால் நாகம்மாள் அத்தை வைத்தால் அது தனி. அப்பாவுக்கு அக்கா அவள். அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்தவளும் அவள்தான். எங்கள் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டுத் தீர்ப்புகளும் அவள் கையில்.

இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது இளஞ்செழியன் சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா, எனக்கு ஒரு பொண்ணைப் புடிச்சிருக்கு."

அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எந்த ஊரு?"

"மல்லிப்பட்டினம்."

"நெலம் எவ்வளவு?"

"நெலம் இல்லக்கா. கடல். போட் வச்சிருக்காங்க."

"உனக்கு எப்பிடிப் பழக்கம்?"

"ஆடுக்கா."

"என்னது?"

"அவங்க வீட்டு ஆட்டுக்கு வயிறு உப்பிப்போச்சு. நான்தான் வைத்தியம் பாத்தேன்."

சித்தப்பா கால்நடை மருத்துவர். அந்தப் பக்கம்தான் வேலை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அப்பா மீன் முள்ளை ரொம்ப கவனமாக ஆராய்ந்தார். அத்தை கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஆடு பொழச்சுதா?"

"பொழச்சுது."

"ம்."

அவ்வளவுதான். அந்த 'ம்' நல்லதா கெட்டதா என்று இப்போது வரை எனக்குத் தெரியவில்லை. பெண் பெயர் பிரதீபா. என்ன அழகான பெயர்!

ஜூன் 9, திங்கள்

அத்தை யாரோடும் பேசவில்லை. கோபத்தில் வைக்கும் ரசம்தான் எப்போதும் பிரமாதம். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூன் 19, வியாழன்

புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது! பள்ளிக்கூட பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஒரு பக்கமாக எழுந்து நின்று கத்தியதில் கண்டக்டர் எங்களைத் திட்டினார். நுரையும் குப்பையும் செருப்புமாக ஓடி வருகிறது. இருந்தாலும் அழகு.

தண்ணீர் வந்தால் அத்தை இளகுவாள். இன்றும் அப்படியே. விதை நெல்லை ஊறப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை போவோம். சும்மா பாத்துட்டு வர்றோம். ஆனா ஒருத்தரும் அங்க கை நனைக்கக் கூடாது."

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிவானது மாதிரி. முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. எனக்குச் சட்டங்கள் என்றால் உயிர். உடனே விசாரணையைத் தொடங்கினேன்.

"காப்பி, அத்தை?"

"குடிக்கலாம்."

"முறுக்கு?"

"எண்ணெய்ச் சட்டியில வெந்தது பலகாரம். தின்னலாம். பானையில வெந்தா அது சோறு."

"அப்ப இட்லி?"

"..."

"இட்லி ஆவியிலதானே வேகுது?"

"விஜயலட்சுமி, இந்தப் புள்ளைய வீட்டுலயே விட்டுட்டுப் போவோமா?" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் இட்லிக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஐயோ. ஐயோ. ஐயோ.

முதலிலிருந்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

பேராவூரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, தென்னை, தென்னை. அப்புறம் திடீரென்று காற்றில் உப்பு. மீன்பிடித் தடைக்காலம் போன வாரம்தான் முடிந்தது என்பதால் ஊரே திருவிழா மாதிரி இருந்தது. பிரதீபாவின் அப்பா காயாரோகணம் வாசலிலேயே நின்றார். பெரிய உருவம், பெரிய சிரிப்பு. "வாங்க சம்பந்தி!" என்று அப்பாவைக் கூப்பிட, அத்தை இருமினாள். "வாங்க சார்" என்று மாற்றிக்கொண்டார்.

கூடத்தில் எல்லாரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிரதீபா என் கையைப் பிடித்து, "நீ உள்ள வா. இங்க இருந்தா மூச்சு முட்டும்" என்று காதோரம் சொன்னாள். அவள் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிறது. சித்தப்பா ஆட்டுக்கு ஏன் அத்தனை தடவை வைத்தியம் பார்க்கப் போனார் என்று புரிந்தது.

அடுக்களையில் அவள் அம்மா சௌந்தரநாயகி. அவர்கள் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பாறை மீன் குழம்பு மண்சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. மாங்காய் மிதந்தது. நடுவில் எண்ணெய் பிரிந்து கண் சிமிட்டியது.

"பதட்டத்துல எனக்கு நாக்கே செத்துப்போச்சும்மா, உப்பு தெரியல. நீ கொஞ்சம் பாத்துச் சொல்றியா?" என்றார்கள்.

உள்ளங்கையை நீட்டினேன். ஒரு கரண்டி ஊற்றினார்கள்.

இது சாப்பாடு இல்லை, உப்புப் பார்ப்பது. தட்டு இல்லை, சோறு இல்லை. சட்டப்படி நான் குற்றமற்றவள். நக்கினேன்.

"சரியா இருக்கா?"

"தெரியல. இன்னொரு தடவை பாக்கட்டுமா?"

"வெறும் குழம்பா பாத்தா தெரியாதும்மா. ரெண்டு பருக்கை சோத்தோட பாரு."

ரெண்டு பருக்கை ஒரு கவளமானது. கவளத்தை வைக்க ஒரு தட்டு வந்தது. தட்டில் ஓரமாகக் காரப்பொடி மீன் வறுவல் வந்து உட்கார்ந்தது, முள்ளோடு மொறுமொறுவென்று. அதற்குப் பிறகு எனக்குச் சட்டம், பள்ளிக்கூடம், என் பெயர் எதுவும் நினைவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் அத்தை. தண்ணீர் கேட்க வந்திருக்கிறாள். என் கை மணிக்கட்டு வரை குழம்பு.

அத்தைக்குப் பின்னால் காயாரோகணம் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், "கை நனைச்சாச்சு!" என்று ஒரு கூச்சல். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன ஏது என்று கேட்காமலே குலவை போட்டார்கள். யாரோ சர்க்கரைக்கு ஓடினார்கள்.

"அவ சின்னப் புள்ள. இது கணக்குல சேராது," என்றாள் அத்தை.

"சின்னப் புள்ளன்னாலும் உங்க வீட்டுப் புள்ளதானேங்க!"

அத்தை விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினாள். ஒரத்தநாடு வரும் வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் கை மட்டும் மணத்துக்கொண்டே வந்தது.

ஜூன் 23, திங்கள்

சித்தப்பா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "ஏன் பிரகதி, ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?" அதை அவர் திட்டிச் சொல்லியிருந்தால்கூட தேவலை. சும்மா சொன்னார். அக்கா சம்மதிக்காமல் கல்யாணம் பண்ண மாட்டேன் என்று பிரதீபாவிடமே சொல்லிவிட்டாராம். அதுக்கு அவ, "உங்க அக்கா சம்மதிக்காம நானும் வர மாட்டேன்"னு சொன்னாளாம். இப்ப என்னால எல்லாம் போச்சா? ஒரு தட்டு சோத்தால? நான் ஏன் இப்பிடி இருக்கேன்?

ராத்திரி சித்தப்பா சரியாகவே சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

ஜூன் 25, புதன்

அதிசயம்.

அத்தை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "புளி எப்பிடி இருந்துச்சு?"

"எந்தப் புளி அத்தை?"

"அன்னிக்கு முழுங்கினியே."

வரலாற்றுப் புத்தகத்தை மூடிவிட்டேன்! "புளி கம்மிதான். மாங்காப் புளிப்பு. அப்புறம் தேங்கா அரைச்சது. அப்புறம் அடியில என்னமோ ஒண்ணு."

"என்னமோன்னா?"

"தெரியல அத்தை. தொண்டைக்குள்ள போனப்புறம் திரும்பி வந்து கூப்பிடுது."

"மீன் குழம்பு கூப்பிடுதாம்" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் சாயங்காலம் மாங்காய் வாங்கி வரச் சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று அத்தை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இதுவா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "இல்ல அத்தை. இது நல்லா இருக்கு. ஆனா அது இல்ல."

நாகம்மாள் அத்தையின் குழம்பைப் பார்த்து 'அது இல்ல' என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்கிறாள் அம்மா. இன்று வீட்டில் வெறும் மோர்ச்சோறு.

ஜூலை 4, வெள்ளி

மல்லிப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் பாறை மீன் வந்திறங்கியது! திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பயந்தேன். அத்தை பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "பச்சை மீனு. வேகாதது கணக்குல வராது" என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

அதே மீன். அதே மாங்காய். மண்சட்டிகூட புதிதாக வாங்கினாள். நான் சாப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினேன், பக்கவாட்டில்.

"வெந்தயமா இருக்குமோ?"

"இல்ல."

"பூண்டைத் தட்டிப் போட்டிருப்பாளோ?"

"இல்ல அத்தை."

அத்தை கரண்டியை வைத்த சத்தத்தில் பூனை வெளியே ஓடியது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நான் செய்ததை நினைத்து நானே வியக்கிறேன்.

சித்தப்பா போனை எடுத்தார். "இதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு? பிரதீபாகிட்ட கேட்டா அரை நிமிஷத்துல சொல்லிடப் போறா." நம்பரும் போட்டுவிட்டார். நான் பாய்ந்து போனைப் பிடுங்கிக் கொல்லைக்கு ஓடினேன். சித்தப்பா துரத்தினார். வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி ஓடினோம்.

"கேக்காதீங்க சித்தப்பா! கேட்டா அத்தை இங்கயே வச்சிடுவா!"

"வச்சா என்ன?"

"யோசிங்க! அது என்னன்னு தெரியலன்னா அத்தை என்ன பண்ணுவா? சாப்பிட்டுத்தானே பாக்கணும்? எங்க போயி சாப்பிடணும்?"

சித்தப்பா அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு சிரிக்கத் தொடங்கியவர் வைக்கோலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று!

போனிலிருந்து பிரதீபாவின் குரல்: "ஹலோ? ஹலோ? யாரு ஓடுறா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பில் என்ன போடுகிறார்கள் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, எனக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

ஜூலை 12, சனி

ஆடி பிறக்கப் போகிறது. பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஒரு மாதம் ஆறப் போட்டால் எல்லாம் ஆறிப்போகும். சித்தப்பாவின் சட்டை தோளில் தொங்குகிறது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சொன்னாள்: "நாளைக்கு மல்லிப்பட்டினம் போறோம். பேச வேண்டியதப் பேசி முடிச்சிட்டு வந்துடுவோம்."

முடிப்பது என்றால் எப்படி முடிப்பது? அத்தை முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. படிக்கத் தெரிந்து என்ன பயன்!

ஜூலை 13, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை!!

அத்தை கூடத்தில் உட்காரவே இல்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குப் போனாள். நானும் பின்னாலேயே. சௌந்தரநாயகி அம்மா மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்காருங்கம்மா."

"நின்னுக்கறேன். நீங்க பாருங்க."

தாளித்தார்கள். வெங்காயம், தக்காளி, மாங்காய். அத்தை கண்ணிமைக்காமல் நின்றாள். அம்மியில் தேங்காய் வைத்தார்கள். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, இளஞ்சிவப்பாக ஒரு பொடியை ஒரு கை அள்ளி, தேங்காயோடு சேர்த்து அரைக்கத் தொடங்கினார்கள்.

"என்னது அது?"

"கூனிப்பொடிங்க. குட்டிக்குட்டியா எறா இருக்குமே, சென்னாக்கூனி, அதக் காயப்போட்டு இடிச்சது."

"மீன் கொழம்புக்குள்ள கருவாடா?" அத்தையின் குரல் கூரையைத் தொட்டது.

சௌந்தரநாயகி அம்மா சிரித்தார்கள். "தடைக்காலத்துல போட் போகாது, மீன் இருக்காது. புள்ளைங்க வெறும் மாங்காக் கொழம்பத் தொடாதுங்க. அதுக்குத்தான் எங்க மாமியா இதப் போட்டு அரைப்பாங்க, மீன் இருக்கற மாதிரி தோணும்னு. அப்பறம் மீன் வந்தாலும் கை கேக்கல. அள்ளிடுது."

அத்தை அந்த டப்பாவையே பார்த்தாள். இல்லாத மீனுக்காகப் போட்டது என்பதை யோசித்தாளா, பிள்ளைகளை வளர்த்ததை யோசித்தாளா, தெரியவில்லை. பஞ்ச வருஷங்களில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவள் கீரைத்தண்டைக் கருவாட்டுத் தண்ணீரில் வேகவைத்துக் கொடுப்பாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

மீன் போட்டுக் கொதி வந்தது.

"எனக்கு இன்னிக்கும் உப்பு தெரியல," என்றார்கள் சௌந்தரநாயகி அம்மா, யாரையும் பார்க்காமல்.

அத்தை என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள்.

அப்புறம், நாகம்மாள் அத்தை, என் அத்தை, உள்ளங்கையை நீட்டினாள்!

நக்கினாள். கண்ணை மூடினாள். பிரதீபா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது, இப்போதும் தடம் இருக்கிறது.

"உப்பு சரியா இருக்கு," என்றாள் அத்தை. "வெறும் கொழம்பா பாத்தா எப்பிடித் தெரியும்? தட்டு எங்க இருக்கு?"

வெளியே குலவை கேட்டது. யார் போய்ச் சொன்னது? நான்தான்! ஓடியதுகூட எனக்கு நினைவில்லை!

நவம்பர் 1, சனி

ஆவணியில் கல்யாணமாகி வந்த பிரதீபா சித்திக்கும் அத்தைக்கும் இன்றும் சண்டை. கூனிப்பொடி ஒரு கையா, அரைக் கையா என்று. "எங்க வீட்டுல ஒரு கைதான் அண்ணி." "உங்க வீடு எது? இதானே?" அரைக் கைதான் போட்டார்கள்.

சித்தியின் தம்பி வெற்றிசெல்வனுக்குத் திருவையாற்றில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பெண் வீட்டில்தான் இழுக்கிறார்களாம். நாளை பார்க்கப் போகிறார்கள், கை நனைக்காமல். முன்னால் நின்று பேசப் போவது நாகம்மாள் அத்தை.

"நீயும் வர்ற," என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு அத்தை?"

"அன்னிக்கு உன் சித்தியோட அம்மாவுக்கு நாக்கெல்லாம் ஒண்ணும் செத்துப்போகல. நல்லா உசுரோடதான் இருந்துச்சு. என்கிட்டயே சொல்லிட்டா." அத்தை வெற்றிலையை மடித்தாள். "நாளைக்கு உன்னை அடுக்களைக்குள்ள அனுப்புவேன். உப்புப் பாக்கறேன்னு நீயே கேளு."

நாளைக் காலை எனக்கு ஒரு இட்லிக்கு மேல் தரக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.