மேனேஜரின் தலைக்கு மேல் கண்ணாடி

பிப்ரவரி 9

மகள் காலையில் விமானம் ஏறிவிட்டாள். வேலைக்காக ஆறு மாதப் பயிற்சி. அவள் தொட்டியில் வளர்க்கும் தாடி ஓணான் இன்றிலிருந்து என் பொறுப்பு. முட்டையை விட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். அசையாமல் உட்கார்ந்து எல்லாரையும் முறைப்பதால் மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறாள். கல்யாணம் முறிந்து இங்கே திரும்பிய பிறகு அவள் ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் குறிப்பேட்டில் வரவேண்டியவை:

1. தீனி. கால்சியப் பொடியில் புரட்டிய சில்வண்டுகள், நறுக்கிய கீரை.
2. எடை. ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில்.
3. விளக்குகள். ஒன்று சூட்டுக்கு, இன்னொன்று, குழல் விளக்கு, புற ஊதாக் கதிருக்கு.
4. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால், அது.
5. மகளிடம் சொல்ல வேண்டியவை. நல்ல செய்தி மட்டும். தூரத்தில் இருப்பவளைக் கலவரப்படுத்தக் கூடாது.

ஐந்தும் போதும் என்று நினைக்கிறேன். போதுமா?

பிப்ரவரி 10

பையில் கொஞ்சம் பொடி, அதில் பூச்சிகள், லேசாக ஒரு குலுக்கு. மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் போல வெளுத்து வெளியே வருகின்றன. பூச்சியின் உடம்பில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு; வளரும் எலும்புக்கு அது பற்றாது. அதற்குத்தான் பொடி. பசலைக்கீரை கூடாது என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். சரிதான், அதிலிருக்கும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லூரியில் வேதியியல் நடத்தியவனுக்கு இதுவரை விளங்குகிறது.

பூச்சியைக் கையால் தொடத்தான் கூசுகிறது. இடுக்கி எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13

செய்தித்தாள் வாங்க வந்த பக்கத்து வீட்டு டிரைவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“சார், காலர்ல ஒரு பாசஞ்சர் ஏறியிருக்கான். டிக்கெட் குடுத்தாச்சா?”

சில்வண்டு. தொட்டி மூடியின் கம்பி வலை ஒரு மூலையில் பிய்ந்திருக்கிறது. பூச்சிகள் வெளியே வரலாம் என்றால், ஒருநாள் மேனேஜரும் வரலாம். குழல் விளக்கு வேறு அந்த வலைக்கு நேர் மேலே தொங்குகிறது. அறுந்து உள்ளே விழுந்தால்?

மதியம் ஒரு ஏற்பாடு செய்தேன். கூடத்தில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழின் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, பிய்ந்த வலைக்குப் பதிலாக வைத்தேன். அளந்து வெட்டியது போலப் பொருந்தியது. காற்றுக்குத் தொட்டியின் பக்கங்களில் துளைகள் இருக்கின்றன. என் பட்டம் இப்போதுதான் ஒரு காரியத்துக்கு உதவியிருக்கிறது.

பிப்ரவரி 16

ஞாயிறு. மகள் பேசினாள். “நல்லா இருக்கேன்பா. மேனேஜர்?” “ஜோரா இருக்கார்மா.” எடை கூடியிருக்கிறது.

பிப்ரவரி 22

தினமும் காலையில் கண்ணாடியைத் துடைக்கிறேன். தூசி படிந்தால் வெளிச்சம் குறையுமே.

மார்ச் 4

மேனேஜரின் பின்னங்கால் விரல்கள் துடித்தன. சின்னத் துடிப்பு. கனவு காண்கிறதோ? கண்களைத் திறந்துகொண்டா?

மார்ச் 9

கீரையைத் தொடவில்லை. பூச்சிகளில் பாதி மீதி. எடை போன வாரத்தைவிடக் குறைவு. தராசைச் சந்தேகப்பட்டு அரிசியை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

மகளிடம், “தூங்கி வழியறார், மேனேஜர் ஆச்சே” என்றேன். சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு நிம்மதி. என்ன மனிதன் நான்.

மார்ச் 12

முன்பெல்லாம் முன்னங்காலை ஊன்றி மார்பை நிமிர்த்தி நிற்கும். இன்று வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகிறது. முன்னங்கை வெளிப்பக்கமாக வளைந்தது போல இருக்கிறது. இருக்கிறதா, அல்லது பயத்தில் எனக்கு அப்படித் தெரிகிறதா? பொடியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

மார்ச் 14

பூச்சியைக் கவ்வியது. கடிக்க முடியவில்லை. கீழ்த்தாடை வீங்கி, ரப்பர் போல அமுங்குகிறது. பூச்சி தப்பித்து ஓடிவிட்டது.

நான் என்ன தப்பு பண்ணேன்? எல்லாத்தையும் எழுதி வச்ச மாதிரிதானே செஞ்சேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “சார், எஞ்சின் இந்த லட்சணத்துல இருக்கும்போது குறிப்பு எழுதிட்டு இருந்தா எப்படி? டாக்டர்கிட்ட கெளம்புங்க. வண்டிய நான் எடுக்கறேன்.”

மார்ச் 15

கால்நடை மருத்துவர் இளம்பெண். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, தண்ணீர் ஏந்துவது போல அதை ஏந்தினார். எக்ஸ்ரேயில் எலும்புகள், பென்சிலால் வரைந்து அழித்த கோடுகள் போல மங்கித் தெரிந்தன. வாலில் ஒரு இடத்தில் வளைவு.

“கால்சியம் பத்தல சார். ரத்தத்துல கொறஞ்சா ஒடம்பு எலும்புல இருந்து உருவி எடுத்துக்கும். விரல் துடிக்கறதுதான் முதல் எச்சரிக்கை. அது எப்ப ஆரம்பிச்சது?”

“மாசத் தொடக்கத்துல.”

“பரவாயில்ல, இப்பவாவது வந்தீங்க. கால் ஒடஞ்ச பிறகு தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். பொடி போடறீங்களா?”

“தினமும் போடறேன்.”

“புற ஊதா விளக்கு? அது இல்லன்னா ஒடம்புல வைட்டமின் டி ஊறாது. எவ்வளவு கால்சியம் குடுத்தாலும் அப்படியே வெளிய போயிடும்.”

“இருக்கு. புதுசு. சரியான ஒயரத்துலதான் இருக்கு.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “அப்ப எங்க இடிக்குதுன்னு பாக்கணும். தொட்டிய நல்லாப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.”

ஊசி போட்டு, சொட்டு மருந்தும் தந்தார். ஏறவோ குதிக்கவோ விடக் கூடாது, எலும்பு முறிந்துவிடும். பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

வழியில் டிரைவர், “பொண்ணுக்குச் சொல்லியாச்சா?” என்றார். பயிற்சி, பாவம், தூரம் என்றெல்லாம் இழுத்தேன். “அது அவங்க ஓணான் சார். நீங்க வெறும் டிரைவர், ஓனர் இல்ல. ஆக்சிடென்ட் ஆனா ஓனருக்குச் சொல்லணும்.”

மார்ச் 16

சொன்னேன். அழுதாள். பிறகு தொட்டியைக் காட்டச் சொன்னாள். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

“மூடி மேல என்னப்பா பளபளங்குது?”

“கண்ணாடிம்மா. வலை பிஞ்சு பூச்சி வெளிய வந்துதேன்னு…”

“அப்பா. கண்ணாடியில அந்தக் கதிர் எறங்காதுப்பா.”

தெரியும். எனக்குத் தெரியும். புற ஊதாச் சோதனைக்குக் கண்ணாடிக் குப்பி எடுத்து வந்த மாணவர்களை, “கண்ணாடி கதிரைக் குடிச்சிடும், குவார்ட்ஸ் குப்பி எடு” என்று வருடா வருடம் விரட்டியவன் நான். என் பட்டத்தின் கண்ணாடியையே தினமும் துடைத்துத் துடைத்து அதன் தலைக்கு மேல் வைத்திருக்கிறேன்.

“விரல் துடிச்சப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்பா. ஏன் சொல்லல?”

“நீ கவலப்படுவியேன்னு.”

“நம்ம வீட்ல எல்லாரும் இப்படியே…” அவள் அதை முடிக்க வேண்டியதே இல்லை. புகுந்த வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசி, “நல்லா இருக்கேன்பா” என்றவள்தானே. நானும் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டேன். டிரைவர் புதுக் கம்பி வலை கொண்டுவந்து, இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் கொடுத்தார்.

மார்ச் 19

சொட்டு மருந்தை விழுங்குகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 27

துடிப்பு இல்லை. டாக்டருக்குச் சொன்னேன். மகளுக்கும்.

ஏப்ரல் 6

எடை ஏறியிருக்கிறது. பூச்சிகளுக்கு நான் நறுக்கிப் போடும் கேரட்டைப் பார்த்து டிரைவர், “எங்க வீட்டுல எனக்கே இவ்வளவு கவனிப்பு இல்ல” என்றார். பூச்சி நன்றாகத் தின்றால்தான் அதைத் தின்னும் மேனேஜருக்குச் சத்து என்றேன். “அப்ப நான் எந்த மேனேஜருக்குத் தீனி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 21

மார்பை நிமிர்த்தி நின்றது. என்னை முறைத்தது. நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

மே 18

மறுபடி எக்ஸ்ரே. எலும்புகள் இப்போது பேனாவால் எழுதியது போலத் தெளிவு. தாடை கெட்டியாகிவிட்டது. முன்னங்கையின் வளைவு கொஞ்சம் அப்படியே தங்கும். வால் நேராகவே ஆகாது என்று டாக்டர் சொன்னார். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் நாளாக ஆக வற்றிவிடும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

மகள் அழைத்தபோது முதலில் எலும்பு தேறியதைச் சொன்னேன். பிறகு வால் நேராகாது என்பதையும் சொன்னேன். சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“சரிப்பா,” என்றாள்.

“நீ எப்படிம்மா இருக்கே?”

“நல்லா இருக்கேன்பா.” சற்றுப் பொறுத்து, “இல்லப்பா. நல்லா இல்ல. இங்க யாரும் எங்கூடப் பேசறதில்ல. மத்தியானம் மாடிப்படியில தனியா உக்காந்து சாப்பிடறேன்.”

“இன்னிக்கு என்ன சாப்பிட்டே?” என்று கேட்டேன். எத்தனை அசட்டுக் கேள்வி. ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாடு, படிக்கட்டு, அங்கே வந்து நிற்கும் பூனை, அவள் பேசினால் காதில் விழாதது போலப் போகும் சக ஊழியர்கள். போன் சூடாகும்வரை பேசினாள். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

வைத்த பிறகு முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று முதல் நான்குவரை சரி. மூன்றில் நான் தவறினேன். அது குறிப்பின் குற்றம் அல்ல. ஐந்தாவது, ‘நல்ல செய்தி மட்டும்’ என்பது, எழுதிய அன்றே தவறு.