முதல் பிடி மண்

ராயப்பன்பட்டி
12.6.2007

சிஸ்டர் சாராளுக்கு மதலேனாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா?

ஜாம்பியாவில் வாத்தியாராக இருந்து இறந்துபோன என் மகன் சாலமனைப் பற்றி, உங்கள் ஊர்ப் பெண் சண்டா எடுத்த படம் வந்து சேர்ந்தது. அனிதா டீச்சர் வீட்டில் போட்டுப் பார்த்தோம். இருபது நிமிசம்தான். அவனாக நடித்த பையன் சட்டைக் கையை மடிக்கிறதுகூட அவனைப் போலவே இருக்கிறது. அந்த ஊரில் கடை வைத்திருக்கிற குஜராத்தி வீட்டுப் பையனாமே? என் வேசம் போட்ட அம்மாவுக்கு நெற்றியில் இவ்வளவு பெரிய பொட்டு. "ஏக்கா, ஒங்களைய மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாகளே" என்றாள் டீச்சர். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் கடைசியில் அந்த அம்மா குழிப் பக்கம் வந்து முதல் பிடி மண் போடுகிறாள். நான் வரவில்லையே, சிஸ்டர். அடக்கம் முடிந்து நாலாம் நாள்தான் எனக்குத் தந்தி வந்தது. பெற்ற பிள்ளைக்கு மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. போட்டதாக ஊரெல்லாம் காட்டினால் என்னால் தாங்க முடியாது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மதலேனாள்

ஜாம்பியா
30.7.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சண்டாவிடம் சொன்னேன், அழுதுவிட்டாள். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த பெண். இது முதல் படம். அடுத்த மாதம் படவிழாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே தேர்வானால் பெரிய படம் எடுக்க ஆள் கிடைக்கும். ஆனாலும் அம்மா வேண்டாமென்றால் அனுப்ப மாட்டேன் என்கிறாள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அடக்கத்தன்று, பெற்றவள்தான் முதல் மண் போட வேண்டும் என்று நான் வாயை விட்டுவிட்டேன். அதன்பிறகு யாரும் கையை நீட்டவில்லை. ஒரு மணி நேரம் குழி மூடாமலே கிடந்தது. கடைசியில், சாலமனிடம் படித்த பதினாறு வயசுச் சண்டா வந்து போட்டாள். தாய்க்கு உரியதைத் தான் எடுத்துக்கொண்டதாக அவளுக்கு இன்னும் உறுத்தல். அதனால்தான் படத்தில் உங்களைக் கொண்டுவந்தாளாம்.

சாராள்

ராயப்பன்பட்டி
20.8.2007

சிஸ்டருக்கு,

நாலு வருசமாக, யாரோ கூலியாள் மண்வெட்டியால் தள்ளியிருப்பான் என்றே நினைத்துக்கிடந்தேன். இப்போதுதான் சோறு இறங்குகிறது.

பொட்டு வைத்த அம்மாவை எடுத்துவிட்டு, நடந்ததையே காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை ஒன்று வந்து போடட்டும். "ஆத்தா, நீ எடுத்துக்கிடல, எனக்காகப் போட்ட" என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். விழாவுக்கு நாள் பத்தாவிட்டால் அடுத்த வருசம் அனுப்பட்டும்.

மதலேனாள்

ராயப்பன்பட்டி
5.10.2008

சிஸ்டருக்கு,

ஒரு வருசம் பிந்திப் போனாலும் படத்துக்குப் பரிசு கிடைத்ததே, சந்தோசம். பெரிய படம் எடுக்கச் சண்டாவைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கூப்பிடுகிறார்களாம். கல்லறையை விட்டுப் போக மனசில்லை என்கிறாளாமே? செத்தவனுக்குக் காவல் எதற்கு? கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் ஒரு மெழுகுதிரி ஏற்றினால் போதும்.

அவளைப் போகச் சொல்லுங்கள். போய் இறங்கினதும் எனக்கு ஒரு கடிதாசி போட வேண்டும். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?

மதலேனாள்