நாடகம் முடியட்டும் என்றேன்

முருகேசா, கூடப் பிறக்காத என் தம்பி,

நீ போய் நாற்பது நாளாகிறது. சவுதி ஜுபைலில் நம் தொழிலாளர் கேம்ப் அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டிலுக்கு ராஜஸ்தான்காரர் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். என்னால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

உன் நாடகத்தைப் பற்றி ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் கோட்டையில் சம்பளத்துக்கு நின்ற நம்மூர்ச் சிப்பாய்கள், வீட்டு ஞாபகம் தாங்காமல் நாடகம் போடுகிறார்கள். துரை வந்து நிறுத்தச் சொல்கிறான். அந்தக் கதையை நீயே எழுதினாய். ராணியாக நடிக்கும் சிப்பாயாக நீ, துரையாக நான். "நீங்கதான போர்மேன், அதட்ட நல்லா வரும்ணே" என்று சிரித்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மெஸ் ஹாலில் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். நீ வந்து நின்றாய்.

"அண்ணே, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. கிளினிக் போயிட்டு வந்துரட்டா?"

"வாயுவா இருக்கும்டா. ஹாலுக்குப் பர்மிஷன் வாங்க ரெண்டு மாசம் அலைஞ்சிருக்கேன். நாடகம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

நீ சரி என்றாய். ஏன் சரி என்றாய்? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

கடைசிவரை நடித்தாய். படுக்கை விரிப்பைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு நீ அழுதபோது, மொழி தெரியாத பாகிஸ்தான் டிரைவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் உள்ளே போய் அரிசி மூட்டையில் சாய்ந்தாய். வண்டியில் என் மடியில்தான் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்று மாலை உன் மனைவி கலா போனில் கேட்டாள்: "முடியலன்னு முன்னாடியே ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

அந்தப் பொய்யை அதற்கு மேல் சுமக்க முடியவில்லை. போன வாரம் அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பவே அனுப்பியிருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியலம்மா."

போனை வைத்துவிட்டாள். பிறகு நான் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், முருகேசா? உனக்காவது தெரியுமா?

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். கலா திட்டட்டும், கதவைச் சாத்தட்டும். அவள் கேட்க நினைத்ததையெல்லாம் என் முகத்துக்கு நேராகக் கேட்டு முடிக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.

உன்னைக் காக்கவைத்த அண்ணன்,
தங்கவேலு